ஆடியில் ஒரு கெட்டிமேளம்

இந்த ஆடி வந்தால் இரண்டு வருடம் ஆகிறது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற சாலையில், ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குச் சற்று உள்ளே இருக்கும் எங்கள் கல்யாண மண்டபத்தில்தான் அது நடந்தது. மண்டபம் அப்பா கட்டியது. இப்போது நானும் அண்ணனும் நடத்துகிறோம். தேதி கொடுப்பது, பேரம் பேசுவது, பெரிய மனிதர்களுக்குக் கும்பிடு போடுவது அண்ணன் வேலை. அறைச் சாவி, அண்டா குண்டா, ஜெனரேட்டருக்கு டீசல், சமையல்காரர், மேளக்காரர் எல்லாம் என் பொறுப்பு. ஊருக்கெல்லாம் கல்யாணம் நடக்கிற மண்டபத்தில் கல்யாணம் ஆகாத முப்பத்துநான்கு வயதுப் பெண் நான். இதை வைத்து ஜோக் அடிக்காத சொந்தக்காரர் கிடையாது. அடித்துவிட்டுப் போகட்டும்.

ஆடி எங்களுக்கு ஈ ஓட்டுகிற மாதம். முகூர்த்தமே இருக்காது. நாற்காலிக்குப் பெயின்ட் அடிப்பது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது என்று எதையாவது செய்துகொண்டிருப்போம். அப்படி ஒரு காலையில் ஒரு ஷேர் ஆட்டோவிலும் இரண்டு பைக்கிலுமாக ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். சினிமா எடுக்கப் போகிறார்களாம். இயக்குநருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கோவிலம்பாக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்ததை எல்லாம் கொண்டுவந்து இந்தப் படத்தில் கொட்டியிருந்தார். "காதல் தோல்வி பத்தின படம் அக்கா" என்றார்.

"அதுல இன்னும் எடுக்கறதுக்கு மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

அண்ணன் இரண்டு நாளைக்கு மண்டபத்தைத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டு கண்டிஷன். மண்டபத்தின் பெயர் படத்தில் எங்கேயும் தெரியக் கூடாது. அமங்கலமாக எதையும் எடுக்கக் கூடாது. "வெறும் கல்யாண சீன்தான் சார்" என்று இயக்குநர் சொன்னார். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெயரை மறைப்பது ஒன்றும் லேசான வேலை இல்லை. திருட்டுப் போகாமலிருக்க நாற்காலி முதுகு, வாளி, ஜக்கு, கரண்டிக் காம்பு வரைக்கும் மண்டபத்தின் பெயரை எழுதி வைத்திருப்போம். சினிமா ஷூட்டிங் என்றால் கேரவன் நிற்கும், குடை பிடிக்க ஆள் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். இங்கேயோ இயக்குநர் முதற்கொண்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்து நாற்காலி முதுகுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகியும்தான். அவர் அனகாபுத்தூர்ப் பெண், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பொட்டைக்கூட அவரே எங்கள் வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்து வைத்துக்கொண்டார். கேமராவை நகர்த்த வண்டி கிடையாது. எங்கள் சமையல்கட்டில் அரிசி மூட்டை தள்ளுகிற டிராலியில் கேமராக்காரர் குந்திக்கொள்ள, ஒருவர் பின்னாலிருந்து தள்ளினார்.

ஒலிப்பதிவு செய்கிற பெண் பாடுதான் திண்டாட்டம். தலைக்கு மேலே பயணிகள் விமானம், அது போனால் விமானப்படைப் பயிற்சி விமானம், இரண்டும் இல்லாவிட்டால் பஸ் ஹாரன். அவள் "பிளேன்!" என்று கத்தினால் எல்லோரும் அப்படியே நிற்பார்கள். மாப்பிள்ளை பாதி வசனத்தில் வாயைத் திறந்தபடி நிற்பார். பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஒன்பது பேரில் ஒருவர்கூட அலுத்துக்கொள்ளாததைக் கவனித்தேன்.

முதல் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்து மேஜையில் அவர்கள் வைத்துவிட்டுப் போன காகிதங்களைச் சும்மா புரட்டினேன். மறுநாள் எடுக்கப் போகும் காட்சி எழுதியிருந்தது. மாப்பிள்ளை மணமேடையிலிருந்து எழுந்து போகிறான். கல்யாணம் நிற்கிறது. விருந்தினர்கள் தலைகுனிந்து ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். காலி மண்டபம். மணப்பெண் கண்ணாடி முன் உட்கார்ந்து ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் விடுகிறாள். அவளுக்கு வசனம் இல்லை.

எனக்குச் சுரீரென்று ஏறியது. ஏன் என்று சொல்ல என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்கு நான்கு வருடம் முன்பு, இதே மண்டபத்தில், இதே மணமேடையில் எனக்குக் கல்யாணம் நடப்பதாக இருந்தது. அப்போது நான் வெளியே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஆபீஸ் பஸ்ஸில் பழக்கம், இரண்டு வருடக் காதல், இரண்டு வீட்டுச் சம்மதம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது அவனுக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது. அவன் அதைத் தன் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறான். சித்தப்பா எங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அப்பாவிடம் அவன் வாயாலேயே சொன்னான். அப்பா என் மாமாவிடம் சொன்னார். கடைசியில் எனக்கு யார் சொன்னது தெரியுமா? எனக்கு அலங்காரம் செய்ய வந்த பியூட்டி பார்லர் பெண். பாதி ஜடை பின்னியிருந்தபோது சொன்னாள்.

அப்படியே எழுந்து போனேன். அவன் மேடையில் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நான் வாயைத் திறந்த உடனேயே என் மாமா மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தி விரலை ஆட்டிவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ தகாத வார்த்தையோ காதில் விழுந்துவிடக் கூடாது என்றுதான் கெட்டிமேளம் வைத்திருக்கிறார்கள். யாராவது விரலை ஆட்டினால் போதும், மேளக்காரர் வெளுத்துக் கட்டிவிடுவார். மாமாவுக்கு என் பேச்சே தகாத வார்த்தையாகப் பட்டிருக்கிறது. மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் தவில் விழுங்கிவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

கீழே சாப்பாட்டுக்கூடத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. "சாப்பிடறவங்களை எழுப்பாதீங்க" என்று அப்பா சொல்லிவிட்டார். யாரும் எழுந்திருக்கவும் இல்லை. பாயசம் வரைக்கும் பரிமாறப்பட்டது.

அவன் போனது ஆறு மாதத்தில் ஆறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். ஆறாதது வேறு ஒன்று. மேளச் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. வாய் அசைந்ததையும் கை நீட்டியதையும் மட்டும் பார்த்தார்கள். பார்த்தவர்கள் மீதியைத் தாங்களே இட்டுக்கட்டிக்கொண்டார்கள். "பாவம், அந்தப் பொண்ணு போகாதே போகாதேன்னு கையை நீட்டிக் கெஞ்சுச்சு." தெருவில், பால் வாங்குகிற இடத்தில், கோயில் வாசலில் எங்கு போனாலும் அந்தப் பரிதாபப் பார்வை. நான் கெஞ்சவில்லை. என் வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சியதில்லை. ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மண்டபக்காரர் வீட்டுக் கல்யாணமே நின்றுபோன இடம் என்று வெளியே பரவினால் ராசியில்லாத மண்டபம் ஆகிவிடும் அல்லவா? வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் "தள்ளிப் போயிருக்கு" என்று அண்ணன் சொல்லுவார். நான்கு வருடமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. நாற்காலிக்குத் துணி கட்டுவதற்கு முன்பே வாய்க்குத் துணி கட்டிக்கொண்ட குடும்பம் எங்களுடையது.

இப்போது புரிகிறதா, அந்த ஒரு சொட்டுக் கண்ணீரைப் படித்ததும் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று? நேராக இயக்குநரிடம் போனேன்.

"தம்பி, நின்னுபோன கல்யாணம் எதையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லக்கா."

"அதான். பந்தியில உட்கார்ந்தவங்க ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. பாயசம் வராம இடத்தை விட்டு நகர மாட்டாங்க. அப்புறம், பொண்ணு கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து அளந்து அளந்து அழ மாட்டா. அவனைக் கேள்வி கேட்பா."

"என்னக்கா கேட்பா?"

அதற்கு மட்டும் எனக்கு வாய் வரவில்லை. "நீங்கதானே டைரக்டர், யோசிங்க" என்று சொல்லிவிட்டு டீசல் பார்க்கிற சாக்கில் நழுவிவிட்டேன்.

மறுநாள் காலை விருந்தினர்களாக நடிக்க எங்கள் தெருக்காரர்களே வந்தார்கள். துணை நடிகர்களைக் கூட்டிவர வசதி இல்லாததால் அவரவர் பட்டுப்புடவையில் வர வேண்டியது, வடை பாயசத்தோடு நிஜச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியது என்று ஏற்பாடு. என் கல்யாணத்தன்று மண்டபத்தில் இருந்த அதே முகங்கள். மேளமும் எங்கள் மண்டபத்துக்கு வழக்கமாக வருகிற குழுதான். ஆடியில் அவர்களுக்கும் வேலை இல்லை. என் கல்யாணத்தன்று தவில் வாசித்தவரும் இந்தக் குழுவின் தவில்காரரேதான்.

படப்பிடிப்பு ஆரம்பித்தது. மாப்பிள்ளை மேடையிலிருந்து எழுந்தார். கதாநாயகி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "போகாதீங்க, நான் என்ன தப்பு பண்ணினேன்? உங்களைக் கெஞ்சிக் கேட்கறேன்" என்றார். இயக்குநர் ராத்திரி முழுக்க யோசித்து எழுதிய கேள்வி இதுதான். பெண்ணுக்கு மாமாவாக நடித்தவர் ஆத்திரத்தோடு கையைத் தூக்கினார். தூக்கின கையைப் பார்த்ததும் நம் தவில்காரர் பழக்கதோஷத்தில் கெட்டிமேளம் தட்டிவிட்டார். இயக்குநர் "கட்! கட்!" என்று இரண்டு கையையும் ஆட்ட, இன்னும் பலமாக வாசிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவர் வெளுத்து வாங்கினார். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடை ஏறிப் போய்த் தவில்காரர் முன்னால் நின்றேன்.

"அண்ணா, போதும் நிறுத்துங்க."

"இன்னாம்மா, கை காட்னாங்களே?"

"அன்னைக்கும் கை காட்டினாங்க. அன்னைக்கும் வாசிச்சீங்க."

அவர் முகம் செத்துப்போயிற்று. தவில் குச்சியை மடியில் வைத்துவிட்டு, "இன்னாம்மா பண்றது? கை காட்னா வாசிக்கணும். பொண்ணு இன்னா பேசுதுன்னு கேட்டுகினு குந்தியிருந்தா எங்களை எவன் கூப்புடுவான்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

முன்வரிசையில் எதிர்வீட்டு அக்கா உட்கார்ந்திருந்தார். நல்ல மனசு, ஓட்டை வாய். "வுடும்மா" என்றார். "அன்னிக்கு அவன்கிட்ட நீ கெஞ்சுனத நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது."

"நான் கெஞ்சலைக்கா."

"எங்க கண்ணால பாத்தமேம்மா!"

"கண்ணாலதானே பார்த்தீங்க? காதால கேட்டீங்களா?"

"கெட்டிமேளத்துல இன்னாத்தக் கேக்கறது?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தார். யாரோ போனில் வத்தி வைத்திருக்கிறார்கள். "வெறும் கல்யாண சீன்னு சொன்னீங்களே தம்பி?" என்று இயக்குநரிடம் பாய்ந்தார். "நின்னுபோன கல்யாணத்தை இந்த மேடையில எடுத்தா நாளைக்கு எவன் தேதி கேட்டு வருவான்? பேக் பண்ணுங்க."

இயக்குநர் தலைகுனிந்து நின்றார். தப்பு அவர் பேரில்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு அவர்கள் கிளம்பியிருப்பார்கள். நானும் வழக்கம்போலச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

"ஏற்கெனவே ஒரு கல்யாணம் இதே மேடையில நின்னுது அண்ணா. மண்டபம் இடிஞ்சா போச்சு?"

"மெதுவா பேசு."

"முடியாது. என் கல்யாணம் தள்ளிப் போகலை. நின்னுபோச்சு. இங்க உட்கார்ந்திருக்கற எல்லாருக்கும் தெரியும். நாம ரெண்டு பேருதான் தெரியாத மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கோம்."

அண்ணன் என்னை ஒரு முறை முறைத்தார். விறுவிறுவென்று பின்பக்கம் போய் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

விளக்குகள் அணைந்தன. ஃபேன்கள் நின்றன. அன்றோடு வாடகைக் கேமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இயக்குநர் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே வீம்பு! மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஜன்னல்கள் உண்டு. ஏ.சி. போட்டதிலிருந்து திரை போட்டு மூடி வைத்திருந்தோம். திரைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, துருப்பிடித்த கொக்கிகளைச் சுத்தியலால் தட்டி அத்தனையையும் திறந்தேன். பதினோரு மணி வெயில் மேடை முழுக்க வந்து விழுந்தது. கேமராக்காரர் "ஐயோ அக்கா!" என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கேமராவுக்கு பேட்டரி இருந்தது. "ஜெனரேட்டர் போடட்டுமா?" என்று கேட்டேன். ஒலிப்பதிவுப் பெண் பதறிவிட்டாள். "வேணாம்கா! ஃபேன் சத்தம் நின்னதே பெரிய விஷயம்!"

கதாநாயகி என்னிடம் வந்து, "அக்கா, அன்னைக்கு நீங்க நிஜமா என்ன கேட்டீங்க?" என்றார்.

நான்கு வருடத்தில் என்னை யாரும் கேட்காத கேள்வி அது. அம்மாகூடக் கேட்டதில்லை. அவர் காதில் சொன்னேன். "மூணு தடவையும் இதேவா?" என்றார். "மூணு தடவையும் இதேதான்" என்றேன்.

இயக்குநர் காட்சியை மாற்றினார். பெண் மூன்று தடவை கேட்பாள், மூன்று தடவையும் கெட்டிமேளம் முழங்கும், யாருக்கும் எதுவும் கேட்காது. "நான் கட் சொல்ற வரைக்கும் நீங்க நிறுத்தவே கூடாது" என்று தவில்காரரிடம் இரண்டு தடவை சொன்னார். அவரும் தலையாட்டினார். எனக்கும் சம்மதம்தான். நடந்தது அதுதானே?

கேமரா ஓடியது. எல்லோரும் வியர்வையில் நனைந்து முந்தானையாலும் கைக்குட்டையாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்தார். மாமா விரலை ஆட்டினார். கெட்டிமேளம் முழங்கியது. கதாநாயகி ஒரு தடவை கேட்டார். கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். கேட்கவில்லை. மூன்றாம் தடவை அவர் வாயைத் திறந்தபோது தவில் நின்றுவிட்டது.

தவில்காரர் குச்சியைத் தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்திருந்தார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நாதஸ்வரம் ஒரு விநாடி தனியாக இழுத்துவிட்டு அதுவும் அடங்கியது. ஃபேன் சத்தம்கூட இல்லாத அந்த மண்டபத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"என்கிட்ட சொல்லாம எங்க அப்பாகிட்ட ஏன் சொன்னே? கல்யாணம் எனக்கா, அவருக்கா?"

இயக்குநர் கட் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை வேஷம் போட்டவருக்கு இதற்கு மேல் வசனம் கிடையாது. திருதிருவென்று விழித்தார். அப்போது முன்வரிசையிலிருந்து எதிர்வீட்டு அக்கா, நடிப்பதையே மறந்து, எழுந்து நின்று கத்தினார். "பதில் சொல்லேன்யா! வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீற?"

அந்த மனிதர் நிஜமாகவே பயந்துபோய், வேட்டி தடுக்கி, படியில் தடுமாறி ஓடினார். சரியாக அந்த நேரம் ஒரு விமானம் தலைக்கு மேலே போனது. ஒலிப்பதிவுப் பெண் "பிளேன்" என்று கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் தவில்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தவிலின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "வாசிக்கச் சொன்னாங்களேண்ணா?" என்றேன். "கை வரலம்மா" என்றார். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு பந்தியும் எடுத்தார்கள். நான் சொன்ன மாதிரியே, கல்யாணம் நின்ற செய்தி வந்த பிறகும் யாரும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. கை கழுவும் இடத்தில் எதிர்வீட்டு அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ கெஞ்சுனதாத்தாம்மா ஊர் பூரா சொல்லிகினு இருந்தேன்" என்றார். "இனிமே சரியா சொல்லுங்க" என்றேன். சொன்னார். ஓட்டை வாயிலும் ஒரு நன்மை உண்டு. ஒரே வாரத்தில் மாடம்பாக்கம் வரைக்கும் சரியான செய்தி போய்விட்டது.

படத்துக்குத் தியேட்டர் கிடைக்கவில்லை. இன்டர்நெட்டில்தான் வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் ஆளுக்கொன்று எழுதினார்கள். விமானச் சத்தம் காதைக் குடைகிறதாம். மாப்பிள்ளை மாலை ஒரு காட்சியில் சம்பங்கி, அடுத்த காட்சியில் ரோஜாவாம். நிஜம்தான், சம்பங்கி வாடிவிட்டது, வேறு வாங்கக் காசில்லை. நடிக்கத் தெரியாதவர்களை எல்லாம் நடிக்க வைத்திருக்கிறார்களாம். ஆனால் அந்த மேடைக் காட்சியின் வெளிச்சத்தை மட்டும் திட்டியவர்கள்கூடப் பாராட்டியிருந்தார்கள். அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். உம்மென்று இருந்தார்.

குறை சொல்கிறவர்களுக்கு நான் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெரிய படங்களில் காதல் தோற்றால் ஆண்பிள்ளை தாடி வளர்ப்பான், குடிப்பான், மழையில் நனைந்துகொண்டு பாட்டுப் பாடுவான். பெண் எங்கே போனாள் என்றே தெரியாது. எத்தனை கோடி கொட்டினாலும் அவளுக்கு ஒரு கேள்வி கேட்க நேரம் ஒதுக்க மாட்டார்கள். எங்கள் படத்தில் அவள் கேட்டாள். வியர்வை வழிய, ஜடை கலைந்து, பக்கத்தில் ஃபேன் ஓடாமல் கேட்டாள். அதற்கு முன்னால் சம்பங்கி ரோஜாவானால் என்ன, தாமரையானால் என்ன? அந்தப் படத்தை நான் பதினோரு தடவை பார்த்துவிட்டேன். இன்னும் பார்ப்பேன்.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். துணி கட்டாமல் விட்டுப்போன இரண்டு நாற்காலிகள் படத்தில் மண்டபத்தின் பெயரைப் பளிச்சென்று காட்டிவிட்டன. அதைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் கொடுத்த தேதியை ரத்து செய்தது. அண்ணன் டைரியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "போகட்டும்" என்றேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

போன வருடம் ஆடி வந்தது. மண்டபம் காலி. தெருக்காரர்கள் எல்லோரும் தங்கள் முகத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று நச்சரித்ததால், கல்யாணங்களில் மேடையைக் காட்டுவதற்கு வைத்திருக்கும் திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படத்தைப் போட்டோம். இந்த முறை நாற்காலிகளுக்குத் துணி கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒன்பது பேரும் வந்தார்கள். தவில்காரர் பேரப் பிள்ளைகளோடு வந்தார். அண்ணன் கடைசி வரிசைக்குப் பின்னால், மெயின் ஸ்விட்சுப் பக்கம் போய் நின்றுகொண்டார். எல்லோரும் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். படம் ஆரம்பிப்பதற்கு முன் நன்றி அட்டை வந்தது. கடைசி வரி: "சரியான நேரத்தில் மெயினை அணைத்த அண்ணனுக்கு." மண்டபம் அதிர்ந்தது. அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

அப்பாவும் வந்திருந்தார். என் கல்யாணம் நின்ற நாளுக்குப் பிறகு அவர் ஆபீஸ் அறை வரைக்கும் வருவாரே தவிர மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்ததில்லை. அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேடைக் காட்சி வந்தது. கெட்டிமேளம் முழங்கி, நின்றது. அந்தக் கேள்வி விழுந்தது. எதிர்வீட்டு அக்காவின் கொழுக்கட்டைக்கு விசில் பறந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அப்பா என் பக்கம் குனிந்தார்.

"இதையாம்மா அன்னைக்குக் கேட்டே?"

"ஆமாம்ப்பா."

அப்பா சொன்னார். "நீ அவன்கிட்ட கெஞ்சறேன்னு நினைச்சேன். என் பொண்ணு போய் இப்படிக் கெஞ்சுதேன்னு அஞ்சு வருஷமா உன் மேல கோவமா இருந்தேம்மா."

என் கல்யாணத்தன்று அப்பா என்னிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கே கேட்கவில்லை. இத்தனை வருடம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசாதது அவமானத்தால் என்று நான் நினைத்திருந்தேன். கல்யாணம் நின்றபோது அழாதவள் அன்றுதான் அழுதேன். ஒரு சொட்டு அல்ல, மூக்கு ஒழுக ஒழுக, பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. அப்பா தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் ஆரம்பித்துவிட்டன. சாவிக்கொத்தோடு மேடை ஓரத்தில் நிற்பது இப்போதும் என் வேலைதான். யாரோ ஒருவர் கையை உயர்த்தி விரலை ஆட்ட, கெட்டிமேளம் முழங்கும்போது எல்லோரும் தாலியைப் பார்ப்பார்கள். நான் மணப்பெண்ணின் வாயைப் பார்ப்பேன், அவள் ஏதாவது சொல்ல வருகிறாளா என்று.